பதினொன்றாம் பலகை

மார்ச் 4

பெறுநர்: திட்ட அலுவலர், சிறார் மற்றும் இளையோர் நலப் பிரிவு, நகராட்சி அலுவலகம்.

பொருள்: முன்னுரிமைப் பட்டியலில் மாலைக் கூடம் பின்தள்ளப்பட்டது குறித்து ஆட்சேபம்.

அம்மையீர்,

அம்மையீர் என்று எழுதும்போது கை கூசுகிறது. ஆனால் ஆட்சேபத்தை முப்பது நாளுக்குள் எழுத்தில்தான் தரவேண்டும், வாய்ப்பேச்சு செல்லாது என்று உங்கள் அறிவிப்பின் அடியில் பொடி எழுத்தில் போட்டிருக்கிறது. அந்தப் பொடி எழுத்து யாருடைய வேலை என்று எனக்குத் தெரியும். மூன்றாம் வகுப்பில் எனக்கு லீவு லெட்டர் எழுதித் தந்ததும் இதே நடையில்தான்.

முறைப்படி சொல்கிறேன். நான் வடக்குக் கோடியில், பழைய தீயணைப்பு வண்டிக் கொட்டகையில் நடக்கும் சிறுவர் நிலையத்தின் பொறுப்பாளர். பகலில் சின்னப் பிள்ளைகள். மாலை நாலிலிருந்து எட்டு வரை மாலைக் கூடம். பத்திலிருந்து பதினைந்து வயது வரை முப்பத்திரண்டு பேர் வருகிறார்கள். பாடம் எழுதுவார்கள், கேரம் ஆடுவார்கள், சண்டை போடுவார்கள், சிலர் சும்மா படுத்திருப்பார்கள். வீட்டில் ஆள் வர எட்டு மணி ஆகிற பிள்ளைகள் அவர்கள். இந்தக் கூடம் இல்லையென்றால் அந்த நாலு மணி நேரமும் கடைத்தெருப் படிக்கட்டில்தான்.

உங்கள் பட்டியலில் முதல் ஐந்து இடம் பிடித்தவை இரண்டு வருடத்துக்கு நடக்கும். மற்றவை மே 31-ஓடு நிறுத்தம். பத்தில் நாங்கள் ஒன்பதாவது. எங்களுக்குக் கீழே நூலக வண்டி ஒன்றுதான் இருக்கிறது. முதல் இடம் ஊஞ்சல் பூங்காவுக்கு. பிள்ளைகளே வாக்களித்தார்கள் என்கிறீர்கள். என் பிள்ளைகள் என் கூடத்தை ஒன்பதாவதாக வைத்தார்கள் என்றால், சூரியன் மேற்கே உதித்தது என்றும் சேர்த்து அச்சடித்துவிடுங்கள்.

வாக்கெடுப்புக்கு முந்தின நாள் உங்கள் அலுவலகத்தில் ஆள் இல்லை என்று கூப்பிட்டீர்கள். வந்து பதினோரு பலகையையும் தனி ஆளாக மாட்டிக் கொடுத்தேன். ஏணிகூட வேண்டாம் என்றேன். அதற்கு நல்ல கூலி கிடைத்தது.

இப்படிக்கு,
பொறுப்பாளர், வடக்குச் சிறுவர் நிலையம்

பி.கு. போன் அடிக்க வேண்டாம். எடுக்க மாட்டேன்.

*

மார்ச் 9

பொறுப்பாளர் அவர்களுக்கு,

தங்கள் ஆட்சேபம் 5-ஆம் தேதி பதிவேட்டில் மூன்றாவதாக ஏறியது. விளக்கம் கீழே.

பதினோரு நிலையங்களிலிருந்து 412 பிள்ளைகள், ஆறு வயது முதல் பதினேழு வரை, ஒரே நாளில் நகராட்சி மண்டபத்துக்கு வந்தார்கள். ஆளுக்கு மூன்று ஸ்டிக்கர், பொட்டு அளவில். ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒரு நிறம், தங்களுக்கு நீலம். பத்துப் பலகையில் பத்துச் சேவைகள். வேண்டியதன் மேல் பொட்டை ஒட்ட வேண்டும். பதினொன்றாம் பலகை வெற்றுப் பலகை. "இதில் இல்லாதது எதுவும் வேண்டுமா?" என்று தலைப்பு மட்டும் போட்டு, நூலில் பென்சில் கட்டித் தொங்கவிட்டிருந்தது.

போன முறை டீச்சர்கள் பக்கத்தில் நின்றதால், அவர்கள் கண்ணைக் காட்டின இடத்துக்கே பொட்டெல்லாம் போனது. ஆகவே இம்முறை பெரியவர்கள் யாரும் உள்ளே போகக் கூடாது என்று விதி வைத்தோம். பத்துப் பத்துப் பேராகப் பிள்ளைகள் மட்டும் போனார்கள். மாலையில் இரண்டு எழுத்தர்கள், ஒரு கவுன்சிலர் முன்னிலையில் எண்ணினோம். மாலைக் கூடத்துக்குப் பத்தொன்பது பொட்டு. பதினொன்றாம் பலகை காலியாக இருந்தது. "பிள்ளைகள் வேறு எதையும் கேட்கவில்லை" என்று அறிக்கையில் எழுதியிருக்கிறேன்.

அலுவலர் எழுதுவது இத்தோடு முடிந்தது. இனி அக்கா எழுதுகிறேன்.

கொக்கு, போன வாரம் பட்டியலை வாசித்த கூட்டத்தில் எழுபது பேர் இருந்தார்கள். நீ எழுந்து நின்றாய். நீ எழுந்தால் பின்வரிசைக்கு மேடை தெரியாது. ஆகவே எல்லாரும் உன்னையேதான் பார்த்தார்கள். "எண்ணினது எங்க அக்கா. ஆணையருக்கு எது புடிக்கும்னு அவங்களுக்குத் தெரியும். அடுத்த மாசம் அவங்களுக்குப் பதவி உயர்வு" என்றாய். ஆணையருக்கு ஊஞ்சல் பூங்கா பிடிக்கும் என்பது உண்மை. எனக்குப் பதவி உயர்வு வரவேண்டியிருப்பதும் உண்மை. நடுவில் நீ போட்ட முடிச்சுதான் பொய். எனக்கு வலித்தது. வீட்டுக்கு வந்து யாரிடமும் சொல்லவில்லை, அம்மாவிடம்கூட.

அந்த வார்த்தையை எழுத்தில் திரும்பப் பெற்றுக்கொள். அதுவரை எனக்கும் பேச ஒன்றும் இல்லை.

அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் ஆன பிறகு ஒன்றரை மாதம் படிக்கக் கூடாது என்றிருக்கிறார்கள். உன் ஆட்சேபத்தை நான்தான் படித்துக் காட்டினேன். மூன்று இடங்களில் தாண்டிப் படித்தேன். "அவன் இவ்வளவு பொறுமையாவா எழுதினான்?" என்று சந்தேகப்பட்டாள்.

அக்கா

*

மார்ச் 13

அக்கா,

திரும்பப் பெற மாட்டேன்.

நான் கோபத்தில் பேசினேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். கோபத்தில் பேசியதெல்லாம் பொய்யாகிவிடாது. உன் கடிதம் வந்த அன்றே மாலை என் பிள்ளைகளை உட்காரவைத்துக் கேட்டேன். "கூடத்துக்குப் பொட்டு வெச்சவங்க கை தூக்குங்க." முப்பத்திரண்டு கையும் மேலே போனது. பயந்து தூக்குகிறார்களோ என்று, "வேற எதுக்கு வெச்சீங்கன்னாலும் திட்ட மாட்டேன்" என்றேன். ஒரு கையும் இறங்கவில்லை.

எங்களிடம் வக்கீல் என்று ஒருத்தி இருக்கிறாள். பன்னிரண்டு வயது, பார்த்தால் ஒன்பது என்பார்கள். கேரம் ஆட்டத்தில் தகராறு வந்தால் தீர்ப்பு அவளுடையது. அவள் எழுந்து, "நான் மூணையும் அதுக்கேதான் சார் வெச்சேன்" என்றாள்.

ஆக என் கூடத்துப் பிள்ளைகளுடையது மட்டுமே குறைந்தது முப்பத்திரண்டு பொட்டு இருக்கவேண்டும். உன் கணக்கில் ஊர் முழுக்கச் சேர்த்தும் பத்தொன்பது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தால்கூட இதைவிட நேர்த்தியாக இருக்கும்.

நீ மறைத்தாய் என்று இப்போது சொல்லவில்லை. யாரோ மறைத்தார்கள். நீ வேண்டுமானால் தூங்கியிருக்கலாம். ஒன்றே ஒன்று செய். பலகைகள் உங்கள் பதிவறையில்தானே கிடக்கும்? நீலத்தை மட்டும் எண்ணு. என் நிலையத்திலிருந்து, பகல் பிள்ளைகளையும் சேர்த்து, அறுபத்தொரு பேர் வந்தார்கள். மூன்றால் பெருக்கினால் 183. இருக்கிறதா பார்.

அம்மாவுக்கு இதைத் தாண்டாமல் படி.

கொக்கு

*

மார்ச் 19

தம்பி,

நீலம் 121.

எண்ணி முடித்ததும் கதவைச் சாத்திவிட்டுத் திரும்ப எண்ணினேன். 121-தான். அறுபத்திரண்டு பொட்டு காணோம். அன்று நிறம் பார்த்து எண்ணவேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. மொத்தத்தை 1236-ஓடு ஒப்பிட்டபோது இருநூற்றுச் சொச்சம் குறைந்தது. பிள்ளைகள் சட்டையிலும் கன்னத்திலும் ஒட்டிக்கொண்டு போயிருப்பார்கள் என்று சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டோம். கவுன்சிலரும் சிரித்தார்.

உன் சந்தேகம் என்னையும் தொற்றிக்கொண்டது. அந்த இரண்டு எழுத்தர்களையும் ஒரு நாள் முழுக்க வேறு கண்ணால் பார்த்தேன். பாவம், ஒருவர் என் மேசைக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்; அதைக்கூட யோசித்துத்தான் குடித்தேன்.

மறுநாள் மண்டபத்துக்குப் போனேன். அங்கே பெருக்கித் துடைக்கும் அம்மாவிடம் அன்றைக்கு உதிர்ந்த பொட்டு ஏதாவது கிடந்ததா என்று கேட்டேன். அவர் அதற்காகவே காத்திருந்தவர் போல ஆரம்பித்தார்.

"கிடந்துச்சாவா? சுவரெல்லாம் ஒட்டி வெச்சிருந்துச்சுங்க, அம்மா. ரெண்டு நாளாச் சுரண்டினேன். நகமே போச்சு. பிள்ளைங்கள உள்ள விடறவங்க கூட ஒரு ஆள் நிக்க வேணாமா?"

"எந்தப் பக்கம்?"

அவர் காட்டினார். மேல் வரிசைப் பலகைகளுக்கும் கீழ் வரிசைக்கும் நடுவே இருக்கும் ஓரடிச் சுவர். பெயிண்ட் பெயர்ந்து, ஒரு முனையிலிருந்து மறு முனை வரை பொட்டுப் பொட்டாகச் சுரண்டிய தடம் இருந்தது. அதிகமாகப் பெயர்ந்திருந்த இடத்துக்கு நேர் மேலே ஆணி இருந்தது. அந்த ஆணியில் என்ன மாட்டியிருந்தது என்று வரைபடத்தைப் பார்த்தேன். மாலைக் கூடம்.

டேப் வாங்கி அளந்தேன். மேல் வரிசைப் பலகையின் கீழ் விளிம்பு தரையிலிருந்து ஆறரை அடி. பிள்ளைகள் குதித்திருக்கிறார்கள். குதித்து அறைந்த இடத்தில் பொட்டு ஒட்டிக்கொண்டது. பலகை வரை போகவில்லை. பதினாறு, பதினேழு வயதுப் பையன்கள்தான் மேலே ஒட்டியிருக்க முடியும். நம் பட்டியலில் முதல் ஐந்து இடம் பிடித்தவற்றை எடுத்துப் பார்த்தேன். ஐந்தும் கீழ் வரிசை. ஒன்றுகூடத் தவறவில்லை. பிள்ளைகளின் விருப்பம் என்று நான் அச்சடித்தது அவர்களுடைய உயரம்.

பலகைகளை மாட்டியது நீ. ஏணிகூட வேண்டாம் என்றாய்.

எதை எங்கே மாட்டுவது என்று நான் சொல்லவில்லை; உன்னிடமே விட்டேன். மாலைக் கூடத்தை ஏன் மேல் வரிசையில், நட்ட நடுவில் மாட்டினாய் என்று மட்டும் கேட்கிறேன். பதில் எனக்குத் தெரியும் என்றுதான் நினைக்கிறேன்.

என் பங்கையும் எழுதிவிடுகிறேன். பெரியவர்கள் உள்ளே போகக் கூடாது என்பது என் விதி. அதைப் பற்றி இரண்டு கூட்டங்களில் பெருமையாகப் பேசினேன். ஒரே ஒரு பெரியவர் உள்ளே எட்டிப் பார்த்திருந்தால் காலை ஒன்பதரைக்கே இது தெரிந்திருக்கும். பதினொன்றாம் பலகையும் மேலேதான் இருந்தது. நூல் கட்டிய பென்சில் ஏழடி உயரத்தில் ஆடிக்கொண்டிருந்திருக்கிறது. "பிள்ளைகள் வேறு எதையும் கேட்கவில்லை" என்று என் கையால் எழுதினேன்.

24-ஆம் தேதி மன்றம் பட்டியலை ஏற்கப் போகிறது. அதற்கு முன் நான் குறிப்பு வைக்கவேண்டும். வைத்தால் மாட்டியது யார் என்று கேட்பார்கள். பொய் எழுத எனக்கு வராது. நீ உன் கூடத்துக்குச் சாதகமாக மாட்டினாய், அது உன் தலையிலேயே விழுந்தது என்று ஊர் சிரிக்கும். எழுதுவதற்கு முன் உனக்குத் தெரியவேண்டும் என்று சொல்கிறேன்.

அம்மாவுக்கு இன்னும் படிக்கவில்லை.

அக்கா

*

மார்ச் 21

பெறுநர்: திட்ட அலுவலர்.
பொருள்: கூட்டத்தில் சொன்ன வார்த்தையைத் திரும்பப் பெறுதல்.

கூட்டத்தில் எழுபது பேர் முன்னிலையில் தங்களைப் பற்றி நான் சொன்னது தவறு. திரும்பப் பெறுகிறேன். தேவையானால் அதே எழுபது பேரைக் கூட்டுங்கள், நின்றுகொண்டே சொல்கிறேன். பின்வரிசைக்குத் தெரியாவிட்டால் உட்கார்ந்துகொண்டு சொல்கிறேன்.

அக்கா, நல்ல இடத்தில் இருக்கட்டும் என்றுதான் மாட்டினேன். கடையில் நல்ல சாமானைக் கண்ணுக்கு நேராக வைப்பார்கள் இல்லையா, அப்படி. யாருடைய கண்ணுக்கு என்று யோசிக்கவில்லை. எனக்குப் பிடித்ததையெல்லாம் மேலே வைத்தேன். கூடம், மனம் விட்டுப் பேச ஆலோசகர், பள்ளிப் பேருந்து, தொழிற்பயிற்சி, நூலக வண்டி. பிடிக்காததைக் கீழே தள்ளினேன். ஊஞ்சல் பூங்காவை ஓரத்தில், கதவுக்குப் பின்னால் மாட்டினேன். அதுதான் முதலிடம். யானை தன் தலையில் தானே மண்ணைப் போட்டுக்கொள்ளும் என்பார்கள். நான் வண்டி வைத்துக் கொண்டுபோய்ப் போட்டுக்கொண்டேன்.

என் பெயரை எழுது. தயங்காதே.

நேற்று பிள்ளைகளிடம் கேட்டேன். "குதிச்சீங்களா?"

"ஆமா சார். செமையா இருந்துச்சு. யாரு மேல ஒட்டறாங்கன்னு போட்டி வெச்சோம்."

"எட்டலைன்னு என்கிட்ட ஏன்டா சொல்லலை?"

வக்கீல்தான் பதில் சொன்னாள். "உள்ள நடந்ததை வெளிய பேசக் கூடாதுன்னு கதவுல எழுதி ஒட்டியிருந்தாங்க சார். அதுவுமில்லாம நீங்க மாட்டினது. அதுல போய் எப்படிக் குறை சொல்றது?"

முதல் பாதிக்கு நீ பொறுப்பு, இரண்டாம் பாதிக்கு நான். பாகப் பிரிவினை சரியாக இருக்கிறது.

கொக்கு

*

ஏப்ரல் 16

தம்பி,

முறையாக ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

24-ஆம் தேதி குறிப்பை வைத்தேன். மூன்று பக்கம். சுவரின் படமும் டேப் வைத்த படமும் இணைத்திருந்தேன். ஆணையர் இரண்டு முறை படித்தார். "இதை நீங்களே கண்டுபிடிச்சு, நீங்களே எழுதி, நீங்களே கொண்டுவந்து குடுக்கிறீங்களா?" என்றார். ஆமாம் என்றேன். மன்றத்தில் ஒரு கவுன்சிலர், அடுத்த முறை பலகையைக் கூரையில் மாட்டலாமே என்றார். எல்லாரும் சிரித்தார்கள். உன் பெயர் வந்தபோது இன்னும் கொஞ்சம் சிரித்தார்கள். அதிகம் இல்லை.

வாக்கெடுப்பை மறுபடி நடத்த ஒத்துக்கொண்டார்கள். என் பணிப்பதிவேட்டில் "கவனக்குறைவு" என்று ஒரு வரி ஏறியிருக்கிறது. பதவி உயர்வு பக்கத்துப் பிரிவு அலுவலருக்குப் போய்விட்டது. இதை உனக்குச் சொல்லாமல் விடலாம் என்று நினைத்தேன். பிறகு வேறு யாராவது சொல்லி நீ கேட்பதைவிட நானே சொல்வது நல்லது என்று பட்டது. எனக்கு வருத்தம்தான். ஆனால் போன மாதத்தைவிட நன்றாகத் தூங்குகிறேன்.

11-ஆம் தேதி வாக்கெடுப்பு. இம்முறை பதினோரு பலகையையும் தரையில் பரப்பினோம். பெருக்கும் அம்மாவை ஒரு மூலையில் நாற்காலி போட்டு உட்காரவைத்தோம். கண்ணைக் காட்ட அவருக்கு எந்தச் சேவையும் இல்லை. சுவரில் ஒட்டாமல் இருந்தால் போதும் அவருக்கு. பிள்ளைகள் மண்டியிட்டும் குப்புறப் படுத்தும் ஒட்டினார்கள். ஒரு குழு வெளியே வர இருபது நிமிடம் ஆனது. போன முறை ஐந்து நிமிடம்.

நேரம் எதில் போனது என்று மாலையில் தெரிந்தது. பதினொன்றாம் பலகையில் இடமே இல்லை. யானை வேண்டும், மழைக்கு லீவு வேண்டும், கணக்கு டீச்சர் வேண்டாம், எல்லாம் இருந்தது. நடுவில் கோணல் எழுத்தில் ஒரு வரி. "கக்கூஸ் கதவுக்குத் தாழ்ப்பாள்." மற்றப் பிள்ளைகள் அதைச் சுற்றிப் பொட்டு வைத்திருக்கிறார்கள். எழுத்தை மறைக்கக் கூடாது என்று ஒதுங்கி ஒதுங்கி வைத்து, கடைசியில் பலகையின் விளிம்பு வரை போயிருக்கிறது. 231 பொட்டு. பதினோரு நிறமும் இருந்தன. அதுதான் முதலிடம்.

எங்கள் அலுவலகம் நாலு மாதம் உட்கார்ந்து பத்துச் சேவைகளைப் பொறுக்கியது. யாருக்கும் இது தோன்றவில்லை.

இனி நீ எதிர்பார்ப்பது. இரண்டாவது பள்ளிப் பேருந்து, மூன்றாவது ஆலோசகர், நாலாவது ஊஞ்சல் பூங்கா, ஐந்தாவது நடைபாதை. மாலைக் கூடம் ஆறாவது. பதினொரு பொட்டு வித்தியாசம்.

மூன்று முறை எண்ணினேன். நாலாவது முறை எண்ண உட்கார்ந்து எழுந்துவிட்டேன். எண்ணியிருந்தால் அது உனக்காக எண்ணியதாக இருந்திருக்கும்.

தாழ்ப்பாள் வராமல் இருந்திருந்தால் நீ ஐந்தாவது. நீ இதைக் கணக்குப் போடாமல் இருக்க மாட்டாய் என்பதால் நானே எழுதிவிடுகிறேன். நீலத்தையும் தனியாக எண்ணினேன். 183-ம் இருந்தது. கூடத்துக்கு 58. தாழ்ப்பாளுக்கு 64. நீலத்தில்தான் தாழ்ப்பாளுக்கு இவ்வளவு பொட்டு. வேறெந்த நிறத்திலும் இதில் பாதிகூட இல்லை.

உன் நிலையத்துக் கதவைப் போய்ப் பார், கொக்கு.

அக்கா

*

ஏப்ரல் 28

தம்பி,

பன்னிரண்டு நாள் ஆகிறது. பதில் இல்லை. போன் அடித்தேன், எடுக்கவில்லை. அம்மா தானாகவே படிக்க ஆரம்பித்துவிட்டாள். பழைய கடிதங்களையும் தேடி எடுத்துப் படித்து, நான் தாண்டிய இடங்களையெல்லாம் கண்டுபிடித்துவிட்டாள். "ரெண்டு பேரும் ஆபீஸ் பேப்பர்லதான் அடிச்சுக்கணுமா? ஆபரேஷன் பண்ணினது என் கண்ணுக்கா, உங்க ரெண்டு பேர் கண்ணுக்கா?" என்கிறாள்.

கோபமாக இருந்தால் அதையாவது எழுது.

அக்கா

*

மே 5

அக்கா,

கோபம் இருந்தது. முதல் மூன்று நாள் உன் மேல். அடுத்த இரண்டு நாள் பிள்ளைகள் மேல். சோறு போட்ட கைக்கு ஒரு பொட்டு வைக்க மனம் வரவில்லையே என்று உள்ளுக்குள் குமைந்தேன். நான் அவர்களுக்குச் சோறு போட்டதில்லை என்பது பிறகுதான் நினைவு வந்தது. கோபத்தில் எல்லாருக்கும் சோறு போட்டுவிடுகிறோம்.

கதவைப் பார்த்தேன்.

கொட்டகைக்குப் பின்பக்கம் இருக்கும் கழிப்பறை. ஒன்பது வருடமாக நானும் அங்கேதான் போகிறேன். தாழ்ப்பாள் இருந்த இடத்தில் இரண்டு ஓட்டையும் துருவும் மட்டும் இருந்தது. எப்போது விழுந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. எனக்கு எப்படித் தெரியாமல் போனது என்று நீ கேட்பாய். உள்ளே உட்கார்ந்தால் என் கால் கதவு வரை நீளும். பாதத்தை வைத்துக் கதவை அழுத்திக்கொள்வேன். அதுவே பழக்கமாகிவிட்டது. கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை என்பது என் காலுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது.

வக்கீலைக் கூப்பிட்டுக் கேட்டேன். "இது எத்தனை நாளா இப்படி இருக்கு?"

"நான் வந்ததுலேருந்தே சார்."

"நீங்க எல்லாம் எப்படிப் போறீங்க?"

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. "ரெண்டு ரெண்டு பேராப் போவோம். ஒருத்தி உள்ள, ஒருத்தி வெளிய கதவைப் புடிச்சுக்கிட்டு. பசங்க கதவைத் தள்ளி விளையாடுவாங்க. அதனால அஞ்சரைக்கு மேல நாங்க இருக்க மாட்டோம். தண்ணியும் குடிக்க மாட்டோம்."

பெண்பிள்ளைகள் ஐந்தரைக்கு மேல் இருக்க மாட்டார்கள். வீட்டில் தேடுவார்கள், வேலை இருக்கும் என்று நானே காரணம் வைத்திருந்தேன். உனக்கு அனுப்பும் மாத அறிக்கையில் "பெற்றோர் விருப்பப்படி மாணவியர் முன்னதாகச் செல்கின்றனர்" என்று ஒவ்வொரு மாதமும் எழுதியிருக்கிறேன். நூறு அறிக்கை இருக்கும். நீ எழுதிய ஒரு வரியைச் சொல்லிக் காட்ட இனி எனக்கு வாயில்லை.

"இதையும் ஏன்மா சொல்லலை?" என்று கேட்கத்தான் வாயெடுத்தேன். கேட்கவில்லை. பதில் ஏற்கெனவே ஒரு தடவை வந்துவிட்டது.

உங்கள் திட்டத்தில் தாழ்ப்பாள் வர ஆகஸ்ட் ஆகும் என்று சுற்றறிக்கை வந்தது. மன்ற ஒப்புதல், மாதிரி, தர ஆய்வு. அன்று மாலையே கடைக்குப் போய் ஒன்று வாங்கி வந்து மாட்டினேன். பத்து நிமிட வேலை. ஒன்பது வருடமாகப் பத்து நிமிடம் எனக்குக் கிடைக்கவில்லை.

மறுநாள் காலை, பகல் பிள்ளைகளில் ஒருத்தி, ஏழு வயது, கழிப்பறைக்குள் நின்று தாழ்ப்பாளை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். நான் என் நெஞ்சு உயரத்தில் மாட்டியிருந்தேன், அக்கா. இவ்வளவும் நடந்த பிறகும். அவள் குதிப்பதற்குத் தயாராகிவிட்டாள். போய்த் திருப்புளியை எடுத்துவந்து கழற்றினேன். அவளையே உள்ளே நிற்கவைத்து, "எங்க வேணும்? கையை வை" என்றேன். அவள் கை வைத்த இடத்தில் மாட்டினேன். மேலே இப்போது இரண்டு புது ஓட்டை இருக்கிறது. அடைக்காமல் விட்டிருக்கிறேன். நான் தினமும் போகிற இடம், என் கண்ணில் படட்டும்.

உள்ளே போனால் நான் குனிந்துதான் தாழ்ப்பாள் போடவேண்டியிருக்கிறது. பழகிவிடும்.

பதவி உயர்வு விஷயம் நம் மாமா மூலமாக உன் கடிதத்துக்கு முன்பே தெரியும். என்ன எழுதுவது என்று தெரியாததும் பதில் தாமதமானதற்கு ஒரு காரணம். உன்னைப் பற்றி நான் சொன்ன பொய்யைத் திரும்பப் பெற்றுக்கொள்ள முடிந்தது. உன் பதவியைத் திரும்பப் பெற்றுத் தர முடியவில்லை. மன்னித்துக்கொள்.

ஆறாவது இடத்துக்கு ஆட்சேபம் தெரிவிக்க இன்னும் பதினொரு நாள் இருக்கிறது என்று உங்கள் பொடி எழுத்து சொல்கிறது. தெரிவிக்கப் போவதில்லை. பிள்ளைகள் சரியாகத்தான் எண்ணியிருக்கிறார்கள்.

நேற்று எட்டு மணிக்கு விளக்கை அணைக்கப் போனேன். கேரம் பலகையைச் சுற்றிப் பதினான்கு பெண்பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். வக்கீல் ஏதோ தகராறுக்குத் தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்தாள். இந்த ஒன்பது வருடத்தில் எட்டு மணிக்கு அவர்கள் முகத்தை நான் பார்த்ததில்லை. "சார், இன்னும் ஒரே ஒரு ஆட்டம்" என்றார்கள். விளக்கை அணைக்காமல் வாசலில் போய் நின்றேன்.

கூடத்தை மூட இன்னும் இருபத்தாறு நாள் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். அம்மா கையில் இது முதலில் கிடைத்தால் அவளே படித்துக்கொள்ளட்டும். உன் கையில் கிடைத்தால் தாண்டாமல் படித்துக் காட்டு.

கொக்கு